பானெட்டைத் திறந்து பாருங்க, அக்கா!

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியதின் எழுத்து வடிவம்)



கறவை மாடு, தையல், ஊறுகாய் பத்தி இங்கே நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு நான் டீசல் கார் இன்ஜினைப் பத்திப் பேசப்போறேன். "இது ஆம்பளைங்க சமாச்சாரம் இல்லையா"ன்னு சிலர் சிரிக்கிறீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். அதுக்கு எங்க குழு கொடுத்த விலை 42,000 ரூபாய்.

எங்க குழுவில் 12 பேர். வங்கிக் கடன் வாங்கி, வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய டீசல் கார் எடுத்தோம். ஒரு உறுப்பினரோட மகன்தான் டிரைவர். ஆறு மாதம் நல்லா ஓடிச்சு, தவணையும் தவறாமல் கட்டினோம். அப்புறம் ஒரு நாள் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது சூடு காட்டுகிற முள் மேலே ஏறியிருக்கு. "இன்னும் எட்டு கிலோமீட்டர்தானே, ஊர் போய்ச் சேர்ந்துடலாம்"னு தம்பி ஓட்டிட்டான். ஊருக்கு வரும்போது புகையா கிளம்பிச்சு. ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, ஹெட்டும் வளைஞ்சுடுச்சு. வண்டி 23 நாள் பட்டறையில் நின்றது. இரண்டு தவணை தவறிப்போச்சு.

குழுக் கூட்டத்தில் எல்லோரும் அந்தப் பையனைத் திட்டினோம். அவன் அம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்போ மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது: "ரெண்டு வாரமா தண்ணி குறைஞ்சிருக்கும், யாருமே பார்க்கலையா?" குறையுதுன்னு பையன் ஊத்திக்கிட்டேதான் இருந்திருக்கான். ஏன் குறையுதுன்னு அவனும் பார்க்கலை, நாங்களும் கேட்கலை. ரொக்கப் புத்தகத்தை வாராவாரம் பார்த்த நாங்க, பானெட்டை ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கலை. தப்பு 12 பேருடையதும்தான். அதுக்கப்புறம் கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.

முதலில், டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்யுது? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா? காற்றை அமுக்கினால் சூடாகும். டீசல் இன்ஜினில் காற்றை ஏறக்குறைய 17, 18-இல் ஒரு பங்காக அமுக்குகிறார்கள். அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் வண்டி மாதிரி ஸ்பார்க் பிளக் கிடையாது. ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் டீசல் 1897-ல் இதை ஓட்டிக் காட்டினார். அவர் பெயர்தான் எண்ணெய்க்கும் வந்தது.

பழைய வண்டிச் சந்தையில் நாம் அதிகம் பார்ப்பது 1,248 சிசி டீசல் இன்ஜின். இத்தாலியின் ஃபியட் கம்பெனி வடிவமைத்தது. மாருதி ஸ்விஃப்ட் காரில் 2007-ல் வந்தது. 2020 ஏப்ரலில் புதிய புகை விதி வந்தபோது மாருதி டீசல் காரையே நிறுத்திவிட்டது. அதனால் இந்த வண்டி கிடைத்தால் அது 2020 ஏப்ரலுக்கு முந்தையதுதான். நாலு சிலிண்டர். சிலிண்டருக்கு 69.6 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் 82 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். இன்ஜின் ஆயில் சுமார் மூணு லிட்டர் பிடிக்கும். இவ்வளவு சின்ன இன்ஜின் ஒரு குடும்பத்தையே ஏத்திக்கிட்டு மேடு ஏறுவது டர்போவால்தான். டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுத்தும். அதைக் காப்பாத்துறது அந்த மூணு லிட்டர் ஆயில்தான்.

இனி நாம் செய்ய வேண்டியது. தினமும் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஐந்து நிமிடம் போதும்.

ஒன்று, ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்க. இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கணும். டீசல் வண்டியில் ஆயில் சீக்கிரமே கறுத்துப்போகும், அதுக்குப் பயப்பட வேண்டாம். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கு, வண்டியை எடுக்காதீங்க.

இரண்டு, கூலன்ட் அளவு. குறைந்தால் ஊத்துறதோட விடாதீங்க, எங்கே போகுதுன்னு கண்டுபிடிங்க. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மூன்று, வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்க. ஒரு சொட்டு எண்ணெயும் நமக்குச் சேதி சொல்லும்.

ஆயிலும் ஆயில் பில்டரும் வண்டிப் புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்குள் மாத்தணும். கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க நினைச்சுத் தள்ளிப்போட்டால், டர்போவுக்குப் பல ஆயிரம் போகும். மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு ஏர் பில்டரை அடிக்கடி பார்க்கணும். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் தங்கும், அதை இறக்கிவிடச் சொல்லுங்க. டேங்கை வறள விட்டால் அடிக்கசடு ஏறும், லைனில் காற்றும் பிடிக்கும். சில இன்ஜினில் சங்கிலிக்குப் பதிலா டைமிங் பெல்ட் இருக்கும். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கும். நம்ம வண்டியில் எதுன்னு கேட்டு, பெல்ட்டாக இருந்தால் கணக்கு வைச்சு மாத்துங்க.

டிரைவருக்குச் சொல்ல வேண்டியது: சாவி போட்டதும் சுருள் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் பண்ணணும். நீண்ட தூரம் வேகமா ஓட்டி வந்தால், ஒரு நிமிடம் மெதுவா ஓடவிட்டு அணைக்கணும். தவறிப் பெட்ரோல் போட்டுட்டால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. டேங்கைக் காலி செய்த பிறகே எடுக்கணும். முள் ஏறினால், எட்டு கிலோமீட்டர் இல்லை, எட்டடிகூட வேண்டாம். ஓரமா நிறுத்தி அணைச்சிடணும்.

புகையும் பேசும். கறுப்புப் புகையும் பிக்கப் குறைவும் சேர்ந்தால் ஏர் பில்டர், டர்போ குழாய், இன்ஜெக்டரைப் பார்க்கணும். நீலப் புகை வந்தால் ஆயில் எரியுது. வெள்ளைப் புகை குளிர் காலையில் கொஞ்சம் வரும். சூடான பிறகும் வந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படணும்.

இப்போ எங்க குழுவில் ரெண்டு தீர்மானம் போட்டிருக்கோம். வண்டிக்குன்னு தனி நோட்டு: போட்ட டீசல், ஓடின கிலோமீட்டர், ஆயில் மாத்தின தேதி எல்லாம் அதில் இருக்கும். மைலேஜ் திடீர்னு குறைந்தால் நோட்டே காட்டிக்கொடுக்கும். அடுத்தது, ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு ரூபாய் பராமரிப்புக்குத் தனியா எடுத்து வைக்கிறோம். வாரம் ஒரு உறுப்பினர் முறை வைத்து, தம்பியோட நின்று பானெட்டைத் திறந்து பார்க்கிறோம். போன மாசம் ஒரு ஹோஸ் கசிவை முதலில் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? அன்னைக்குத் தலை குனிஞ்சு உட்கார்ந்த அந்த அம்மாதான். புது ஹோஸ் போட்டு வண்டி அன்னைக்குச் சாயங்காலமே ஓடிச்சு.

வாகனக் கடன் கேட்டு மனு கொடுத்திருக்கிற குழுக்களுக்கு ஒரே வேண்டுகோள். சாவி வாங்கும் நாளிலேயே ஆயில் குச்சி எங்கே இருக்குன்னு கேட்டுக்கோங்க.