ஏட்டுச் செல்வத்திற்குக் காப்பு

மதுரையிலும் சுற்றுப்புறத்து ஊர்களிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் முன்னோர் தேடிய ஏடுகளும் பழம்புத்தகங்களும் பழங்காசுகளும் உள. கடைக்கும் வண்டிக்கும் இன்ஷியூரன்ஸ் செய்யும் நாம் இவற்றை மறந்துவிடுகின்றோம். வீட்டுக்குச் செய்யும் சாதாரணத் தீக்காப்பிலோ, தனியே குறிக்கப்பட்டாலன்றி, ஏடுகளும் அரும்பொருள்களும் பெரும்பாலும் அடங்கா.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் நீறாயின. கட்டிடம் பின்னர் எழுந்தது. படியில்லாத ஏடுகள் மீண்டில. கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராய்த் திரட்டிய நூல்களோ, 1992-இல் அவர் மறைந்த பின்னும், சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் மைக்ரோபிலிம் படிகளோடு காக்கப்படுகின்றன.

ஆதலின் யாம் வேண்டுவது இதுவே: முதற்கண் அட்டவணை எழுதி, ஏடுதோறும் படமெடுத்து, ஒரு படியை வேற்றிடத்தில் வையுங்கள். அவ்வட்டவணை கொண்டு தக்காரால் மதிப்பிடுவித்து இன்ஷியூரன்ஸ் செய்யுங்கள். ஈட்டுத்தொகை பொருளிழப்பை ஆற்றும். ஏட்டிலுள்ள சொல்லைக் காப்பது படியே.