எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுவது?



சில ஆண்டுகளுக்கு முன்னர், பால்மரம் வெட்டும் முதியவர் ஒருவர் என்னைக் காண வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த தோட்டம் கைமாறி, அவருடைய வேலையும் நின்றுவிட்டது. தமக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்டு மூன்று முறை நில அலுவலகத்திற்குப் போய், வெறுங்கையுடன் திரும்பியிருந்தார். பேருந்துக் கட்டணம் கையைக் கடித்ததுதான் மிச்சம். "எல்லாம் அரசாங்கந்தானே, ஐயா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறில்லை. எனினும், நம் நாட்டில் அரசாங்கம் மூன்று படிகளில் இயங்குகின்றது. கூட்டரசுக்கும் மாநிலங்களுக்கும் உரிய பணிகளை அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை பிரித்து வைத்துள்ளது. குடியுரிமை, கல்வி, மருத்துவம், தொழிலாளர் விவகாரம் ஆகியவை கூட்டரசைச் சார்ந்தவை. நிலம் மாநிலத்திற்கு உரியது. ஊராட்சி மன்றங்களும் மாநிலத்தின்கீழ் வருவனவே. அவற்றின் உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கின்றது. ஆகவே, பட்டணத்துச் சாக்கடையைப் பற்றி மன்றம் செவிசாய்க்காவிடில், சட்டமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம்.

தோட்டத்தினுள் இருக்கும் சாக்கடையோ வேறு. அது தனியார் நிலம். குடியிருப்பைப் பழுது பார்ப்பதும், தண்ணீர், மின்சார வசதி செய்து தருவதும் முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் கூறுகின்றது. அதனைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா.

தமிழ்ப்பள்ளியின் நிலைமை இன்னும் சிக்கலானது. ஆசிரியனாக இருந்தவன் என்பதால் இதனை அழுத்திச் சொல்கின்றேன். ஆசிரியரை அனுப்புவது கூட்டரசின் கல்வி அமைச்சு. பள்ளி நிற்கும் நிலம் தோட்ட நிறுவனத்துடையதாக இருக்கலாம். அந்நிலத்தை வீடமைப்புக்கு மாற்ற அனுமதி வழங்குவது மாநில அரசு. தோட்டம் விற்கப்படுகின்றது என்ற செய்தி காதில் விழுந்த அன்றே, பள்ளியின் நிலப்பட்டா யார் பெயரில் உள்ளது என்று பெற்றோர்கள் விசாரித்தல் வேண்டும். மண்வாரி இயந்திரம் வந்தபின் விசாரிப்பதில் பயன் குறைவு.

இனி, முதியவரின் பணம். தீபகற்ப மலேசியாவில் 1980ஆம் ஆண்டின் பணிநீக்க நன்மை விதிமுறைகள் உள்ளன. ஓராண்டு நிறைந்தவர்க்கு, ஆண்டொன்றுக்குப் பத்து நாள் சம்பளம். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் எனில் இருபது நாள். அவர் கணக்கு 440 நாள் சம்பளம்! புதிய முதலாளி குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வந்து, தொழிலாளி காரணமின்றி மறுத்தால் இது கிட்டாது. அவருக்கு அவ்வாறு எவரும் வேலை தர முன்வரவில்லை.

அவரைத் தொழிலாளர் இலாகாவிற்கு அனுப்பி வைத்தேன். பழைய சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமநிதி அறிக்கைகளையும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார். விசாரணை நாளன்று அந்தப் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனார்.