அருவியல்ல, குளம்

வங்கிக் கவுண்டரில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே முப்பது வருஷம் ஓடியது, வெரிகோஸ் மிச்சம். நரம்புச் சுருட்டு என்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல, சிரை. வால்வு பழுதானால் ரத்தம் மேலேறாமல் தேங்கும்.

அமெரிக்க இன்ஜினியர் கான்ராட் ஜோப்ஸ்டுக்கும் இதே தொல்லை. நீச்சல் குளத்தில் நின்றால் இதமாக இருப்பதைக் கவனித்தார். ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் கூடுதல். அதிலிருந்து வந்ததுதான் கணுக்காலில் இறுக்கி, மேலே போகப்போகத் தளரும் காலுறை. (குற்றால அருவியில் நின்றால் இது நடக்காது!)

காலையில் படுக்கையை விட்டு இறங்குமுன் மாட்டணும். நான் காபி குடித்து, கால் வீங்கியபிறகு மாட்டினேன். மேல்விளிம்பைச் சுருட்டியும் விட்டேன். கயிறு கட்டியதுபோல் பதிந்துவிட்டது.

சர்க்கரை உள்ளவர்கள், புகைப்பவர்கள் கடையில் நேரே வாங்காதீர்கள். தமனி அடைப்பிருந்தால் அந்த இறுக்கமே புண்ணாக்கும். டாக்டர் பார்த்து, அளவெடுத்த பிறகே வாங்குங்கள்.