வழி சொல்லும் வானம்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணையைத் தாண்டி, வாணர் பாலத்தின் வழியே புங்குடுதீவில் நுழைபவரை முதலில் வரவேற்கும் ஊர்களுள் ஒன்று மடத்துவெளி. தம் பெற்றோர் பிறந்த ஊரைக் காணக் கடல் கடந்து வரும் இளைஞர் ஒருவர் அப்பாலத்தில் நிற்பதாக எண்ணிப் பார்க்கலாம். அவர் கைப்பேசியில் இந்நாட்டின் தரவு இணைப்பு இல்லை. ஊரும் தெருவும் தோன்ற வேண்டிய திரையில் சாம்பல் நிற வெளியே தெரிகின்றது. ஆயினும் அவ்வெளியின் மேல் ஒரு நீலப்புள்ளி மட்டும் அவரோடு கூடவே நகர்ந்து செல்கின்றது. படம் வராதபோது புள்ளி மட்டும் எவ்வாறு வந்தது?

விடை வானொலி நேயர்களுக்கு எளிதில் விளங்கும். வானொலிப் பெட்டி நிலையத்திற்கு எதனையும் சொல்வதில்லை. வருகின்ற அலையைக் கேட்கின்றது, அவ்வளவே. கைப்பேசியும் செய்மதிகளை அவ்வாறே கேட்கின்றது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செய்மதிகள், தாம் நிற்கும் இடத்தையும் நேரத்தையும் இடையறாது ஒலிபரப்புகின்றன. அவ்வலை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகின்றது. ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீற்றர் பிழைத்துவிடும். ஆதலால் இடத்தை அறிய மூன்று செய்மதிகளும், கைப்பேசிக் கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவதொன்றும் வேண்டும். இச்சேவைக்குக் கட்டணம் இல்லை. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்த பிழையையும் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கிவிட்டது. ரஷ்யா, ஐரோப்பா, சீனா ஆகியவற்றின் செய்மதிகளையும் இன்றைய கைப்பேசிகள் பல கேட்கின்றன.

எனவே இடம் வானத்திலிருந்து வருகின்றது. படமே இணையத்திலிருந்து வருகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் வழியில் தவிக்கமாட்டார். புறப்படுமுன், இணைப்புள்ள இடத்திலேயே, யாழ்ப்பாணமும் தீவுகளும் அடங்கிய படத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வார். கூகுள் மேப்ஸ் இதற்கு இடந்தருகின்றது. ஆர்கானிக் மேப்ஸ் போன்றவை இதற்கென்றே அமைந்தவை. போகவேண்டிய வீட்டையும் கோயிலையும் முன்கூட்டியே படத்தில் குறித்து வைப்பது நன்று. இணைப்பின்றித் தொடங்கும்போது செய்மதிகளின் நிலையை அவற்றின் அலையிலிருந்தே அறிய வேண்டியிருப்பதால், புள்ளி தோன்றச் சில நிமிடங்கள் ஆகலாம். திறந்த வெளியில் பொறுமையாக நிற்பதே வழி. போக்குவரத்து நெரிசல் போன்ற அவ்வப்போதைய செய்திகள் கிடைக்கமாட்டா. மின்கலம் தீர்ந்தாலோ எதுவுமே கிடையாது.

தரையில் வழி தவறினால் ஒருவரைக் கேட்டுத் திரும்பலாம். கடலில் அஃது இயலாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுகள் செல்கின்றன. தெருப்படத்தில் அக்கடல் முழுவதும் ஒரே நீலம். எங்கே பரவைக்கடல், எங்கே ஆழம், எங்கே பாறை என்பதை அந்நீலம் சொல்வதில்லை. புள்ளி சரியாக இருந்தும் படகு தரைதட்டலாம். கடலுக்கெனத் தயாரித்த படமும், அக்கடலில் பழகியவர் சொல்லும் வேண்டும். 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட இந்திய, இலங்கைக் கடல் எல்லைக்கோடும் நீரில் கண்ணுக்குத் தெரிவதன்று. இரவில் தொழில் செய்பவர் அதனைத் தாண்டாதிருக்கச் செய்மதிக் கருவி உதவுகின்றது. கருவி இல்லாத காலத்திலும் மாலுமிகள் வானத்தையே நோக்கினர். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்து நிற்கின்றதோ, ஏறத்தாழ அத்தனை பாகையே அவ்விடத்தின் வட அகலக்கோடு. தீவகத்தில் அது ஒன்பதரைப் பாகை அளவில், தாழ்வாகவே நிற்கும். வானத்தைக் கேட்டு வழி அறிவது இக்கடலுக்குப் புதிதன்று.

இன்னுமொன்று உண்டு. வானம் இடத்தைச் சொல்லும். அதன் பெயரைச் சொல்லாது. பெயரை எழுத வேண்டியவன் மனிதன். 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் தீவக மக்களுட் பலர் இடம்பெயர்ந்தனர். அவரோடு, ஒழுங்கைகளின் பெயரும், கிணற்றடிகளின் பெயரும், அடையாள மரங்களின் நினைவும் பல நாடுகளுக்குச் சிதறிப் போயின. 2004ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப்படத்தில் எவரும் தம் ஊரின் பாதைகளை வரையலாம். பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம். இணைப்பின்றி இயங்கும் படங்கள் பல அதிலிருந்தே உருவாகின்றன.

மடத்துவெளியின் ஒழுங்கைகளை அறிந்த முதியோர் ஊரிலும் இருக்கின்றனர். கனடாவிலும் இலண்டனிலும் இருக்கின்றனர். அவர்கள் சொல்ல, இளையோர் எழுதினால், அப்பெயர்கள் படத்தில் நிலைக்கும். எழுதாமல் விட்டாலோ, நீலப்புள்ளி மிகச் சரியான இடத்தில் வந்து நிற்கும். அது யாருடைய வாசல் என்று சொல்லத்தான் எவரும் இருக்கமாட்டார்.