கல்யாணம் தீ வைக்குமா?

(மத்தூரில் மாணவர்களுக்காக நடந்த செய்தித்தாள் வாசிப்பு முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ஊடகமும் ஒடுக்கப்பட்டோரும்' என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெருசா இருக்கு. நான் பேசப்போறது சின்ன விஷயம். ஒரு பேப்பரை எப்படிப் படிக்கிறது, அவ்வளவுதான். சேரிப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். அவங்ககிட்ட நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

அதுக்கு முன்னாடி எங்க அப்பாவைப் பற்றிக் கொஞ்சம். பள்ளிக்கூடம் போனவர் இல்லை. டீக்கடையில் தந்தி பேப்பரைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தவர். 1942இல் ஆதித்தனார் தொடங்கிய அந்தப் பத்திரிகை பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழில், சின்னச் சின்ன வாக்கியமாகச் செய்தி போட்டது. நம் ஆட்கள் எத்தனையோ பேர் அதை வைத்து எழுத்து கற்றார்கள். இதைச் சொல்ல நமக்கு வெட்கமில்லை. ஆனால் அப்பா கடைக்கு வெளியே நின்றுதான் படித்தார். உள்ளே பெஞ்சில் இருப்பவர் பேப்பரை விரித்துப் பிடித்திருப்பார். அந்தப் பக்கம் அவருக்கு, இந்தப் பக்கம் எங்க அப்பாவுக்கு. அவர் திருப்பிவிட்டால் இவருக்குச் செய்தி பாதியிலே அறுந்துபோகும்.

ஒரு வருஷம் எங்க சேரிப் பையன்கள் நாலு பேர் அந்தக் கடையில் எல்லோருக்கும் கொடுக்கிற கிளாசில் டீ கேட்டார்கள். அடி விழுந்தது. அடி வாங்கியவர்கள் மேலேயே வழக்கும் வந்தது. மறுநாள் பேப்பரில், 'டீக்கடையில் தகராறு: வாலிபர்கள் 4 பேர் கைது.' அப்பா அதை இரண்டு தடவை படித்தார். "எல்லாம் சரியாத்தான்டா போட்டிருக்கான். கடை இருக்கு, தகராறு இருக்கு, நாலு பேரு இருக்கு. கிளாசை மட்டும் காணோம்" என்றார்.

நான் பிறகு கல்லூரி போய், பத்திரிகைகள் பற்றி நாலு புத்தகம் படித்து, இந்த ஒரு வரிக்கு மேல் பெருசா எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

படிப்பகத்துக்கு வருவோம். முதல் வாரம் நானும் எல்லா வாத்தியார் மாதிரிதான் ஆரம்பித்தேன். உண்மைத் தகவலுக்கு நீல பென்சில், கருத்துக்குப் பச்சை, பரபரப்புக்குச் சிவப்பு. பேப்பரைப் பிரித்து அடிக்கோடு போடுங்க என்றேன். 'பயங்கரம்', 'வெறிச்செயல்', 'திடுக்கிடும் தகவல்', எல்லாவற்றுக்கும் சிவப்பு. கொஞ்ச நேரத்தில் சிவப்பு பென்சில் தேய்ந்துபோச்சு. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நானும் பாடம் முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

ஒன்பதாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு எழுந்தது. "அண்ணா, 'விசாரணையில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீசார் கூறினர்'னு இருக்கு. இதுக்கு நீலமா, பச்சையா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. போலீசார் கூறினார்கள் என்பது உண்மை. அவர்கள் கூறியது உண்மையா என்பது வேறு. 'கூறினர்' என்ற ஒரு சொல்லில் நிருபர் தப்பித்துக்கொள்கிறார். படிக்கிறவன் மனசில் அந்தச் சொல் நிற்பதில்லை, குற்றம்தான் நிற்கிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கிற வாக்குமூலத்தைக் குற்றத்துக்குச் சாட்சியமாக வைக்க முடியாது என்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சட்டம் சொல்கிறது. நீதிமன்றம் எடுத்துக்கொள்ளாத அந்த வாக்குமூலத்தைக் காலை ஆறு மணிக்கு டீக்கடையில் எடுத்துக்கொள்கிறார்கள், தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த வாரம் ஒரு பையன் மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்தான். அவன் அண்ணன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. பைக் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்துப்போனார்கள். போட்டோவோடு செய்தி: 'பிரபல பைக் திருடன் சிக்கினான்'. கவனியுங்க, 'சிக்கினார்' இல்லை, 'சிக்கினான்'. அதே பக்கத்தில் பல லட்சம் ரூபாய் சீட்டுப் பணம் மோசடி செய்த ஒருவர் 'கைது செய்யப்பட்டார்'. ஒரே பக்கத்தில் ஒருவருக்கு 'ஆர்', இன்னொருவனுக்கு 'ஆன்'. மரியாதை விகுதிக்குக்கூட நம்ம ஊரில் தெரு இருக்கு. அண்ணனைப் பிறகு விட்டுவிட்டார்கள், வழக்கில் ஒன்றும் இல்லை. அது செய்தியாகவில்லை. அதற்குள் வேலை போய்விட்டது. பையன் 'பிரபல' என்ற சொல்லை மட்டும் காட்டிக் கேட்டான்: "எங்க அண்ணனை எங்க தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாதுண்ணா. எப்படி பிரபலம்?"

சிவப்பு பென்சிலால் அதற்கு என்ன செய்ய முடியும்?

கத்துகிற சொல்லைக் கண்டுபிடிப்பது சுலபம் தோழர்களே. கத்தாமல், சாதுவாக, இலக்கணச் சுத்தமாக ஒரு வாக்கியம் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஆளை விழுங்கும். தர்மபுரியைச் சொல்கிறேன். 2004 வரைக்கும் நாமும் அந்த மாவட்டம்தான். 2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்று மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடினார்கள், கொளுத்தினார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்துச் சேர்த்த காசில் கட்டிய வீடுகள். ஒரு தலித் இளைஞனும் வன்னியர் பெண்ணும் காதலித்துத் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். அன்று பெண்ணின் தகப்பனார் இறந்தார். அன்று மாலையே கும்பல் கிளம்பியது.

இதைப் பற்றி வந்த செய்திகளைப் படிப்பகத்தில் பரப்பி வைத்தோம். 'காதல் திருமணத்தால் கலவரம்' என்ற மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. பிள்ளைகள் நீலம் போட்டார்கள். திருமணம் நடந்தது உண்மை, வீடு எரிந்ததும் உண்மை. அதே ஒன்பதாவது பொண்ணு பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது:

"கல்யாணம் தீ வைக்குமா அண்ணா?"

வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். வினை இருக்கிறது, எழுவாய் எங்கே என்று தேடினோம். 'வீடுகள் எரிந்தன.' தானாக எரிந்தனவா? 'எரிக்கப்பட்டன.' யாரால்? 'இரு தரப்பினரிடையே மோதல்.' இரண்டாவது தரப்பு யாருடைய வீட்டைக் கொளுத்தியது? ஒரு பக்கம் தீப்பந்தம், இன்னொரு பக்கம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கால்கள். இரண்டையும் சேர்த்து 'மோதல்' என்று எழுதினால் அதில் பொய் எங்கே என்று தொட்டுக்காட்ட முடியாது. கிளாசைக் காணோம் என்று அப்பா சொன்னது இதைத்தான். பிறகு பிள்ளைகளே மாற்றி எழுதினார்கள்: 'ஆதிக்க சாதிக் கும்பல் மூன்று சேரிகளைக் கொளுத்தியது.' எழுவாய் வந்தது. வாக்கியம் நிமிர்ந்து நின்றது.

இன்னொரு சொல், 'கௌரவக் கொலை'. 2018 நவம்பரில் சூளகிரிப் பக்கத்துக் கிராமத்துக் காதல் தம்பதியைக் கொன்று, கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்துக் காவிரியில் வீசினார்கள். பையன் தலித். அவன் போட்டிருந்த சட்டையில் அம்பேத்கர் படமும் ஜெய்பீம் என்ற எழுத்தும் ஊர்ப் பெயரும் இருந்ததால்தான் எந்த ஊர்ப் பிள்ளை என்று போலீசுக்கே தெரிந்தது. இந்தக் கொலையில் கௌரவம் யாருக்கு? கொன்றவனுடைய கருத்தைப் பெயர்ச்சொல் ஆக்கி, எல்லோர் வாயிலும் வைத்துவிட்டார்கள். 'ஆணவக் கொலை' என்று இயக்கங்கள் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் இன்று பத்திரிகைகளிலும் அந்தச் சொல் வருகிறது. அதுவும் கருத்துதானே என்று கேட்பீர்கள். ஆமாம், கருத்துதான். கருத்து தப்பில்லை. நத்தத்துக்குப் போன உண்மை அறியும் குழுக்கள் இது திடீர்க் கோபமல்ல, திட்டமிட்ட தாக்குதல் என்று எழுதின. அதுவும் கருத்து. ஆனால் என்ன பார்த்தோம், யாரிடம் கேட்டோம் என்று கீழே விரித்து வைத்தார்கள். நீ சரிபார்த்துக்கொள்ளலாம். கருத்தைக் கருத்து என்று சொல்லிக்கொண்டு வருகிறவனோடு நாம் விவாதிக்க முடியும். தகவல் வேஷத்தில் வருகிறவனோடு எப்படி விவாதிப்பது?

நம்ம பிழைப்பு எல்லையில் இருக்கு. அதனால் காவிரியையும் பாடமாக வைத்தேன். 2016 செப்டம்பர் 5ஆம் தேதி உச்சநீதிமன்றம் விநாடிக்கு 15,000 கன அடி வீதம் 10 நாள் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிடச் சொன்னது. 12ஆம் தேதி அதை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் தேதி வரை நீட்டியது. இந்தத் தகவலை மட்டும் கொடுத்து, பாதிப் பேரை மாண்டியாக்காரர்களாகவும் பாதிப் பேரைத் தஞ்சாவூர்க்காரர்களாகவும் உட்கார வைத்துத் தலைப்பு எழுதச் சொன்னேன். ஒரு பக்கம்: 'மேலும் நீரைப் பறித்தது தீர்ப்பு!' இன்னொரு பக்கம்: 'தமிழகத்துக்குத் தண்ணீரைக் குறைத்தது தீர்ப்பு!' எண் ஒன்றுதான், இரண்டு தலைப்புக்கும் அதில் ஆதாரம் இருக்கு. அன்றைக்குப் பெங்களூரில் ஒரே பணிமனையில் 40 பேருந்து போல எரித்தார்கள். அத்திப்பள்ளியோடு பஸ் நின்றுபோய், இந்தப் பிள்ளைகளில் சிலருடைய அப்பா அம்மா மூட்டையைத் தலையில் வைத்து ஜூஜூவாடி வரை நடந்து வந்தவர்கள். தலைப்பு எழுதுகிறவன் மூட்டை தூக்குவதில்லை.

2023 மார்ச்சில் இதுவே திரும்பி நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்களை வைத்து வடக்கே பரப்பினார்கள். அச்சுப் பத்திரிகையும் அதில் சேர்ந்தது. ஓசூரில் நம்ம பக்கத்து அறையில் சப்பாத்தி சுடுகிற பையனுக்கு ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டே போன் போட்டாள். பரபரப்பு கூலிக்காரன் வயிற்றில்தான் வந்து விழும், அவன் எந்த மொழி பேசினாலும்.

பத்திரிகையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1996இல் பி.என். உனியால் என்ற பத்திரிகையாளர் டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு தலித் நிருபரைத் தேடினார். கிடைக்கவில்லை. 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்டரியும் எடுத்த கணக்கில், செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121இல் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவரும் இல்லை. நூறு வருஷம் முன்னால் மட்டும் என்ன? 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் விளம்பரம் போடுங்கள் என்றும் திலகரின் 'கேசரி' மறுத்தது. அதற்கும் முன்னால் 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' போட்டார். அவருக்குப் பிறகு 'தமிழன்' நமக்கு வடக்கே, கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. சுரங்கத் தொழிலாளிகள் படித்த பத்திரிகை. 

அதற்காக உள்ளூர் நிருபரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவருக்குச் சம்பளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், ஸ்டேஷனைப் பகைத்துக்கொண்டால் செய்தியே கிடைக்காது. அவரும் ஒரு கூலிதான்.

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். படிப்பகத்தில் ஒருத்தன் நம்ம இயக்கத் துண்டறிக்கையையே எடுத்துச் சிவப்பு போட்டான். 'ஆயிரக்கணக்கானோர் திரண்ட ஆர்ப்பாட்டம்.' "நான் எண்ணுனேன் அண்ணா, நூத்தி நாப்பது பேரு." எழுதியது நான்தான். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு முகம் சுருங்கிப்போச்சு. ஆனால் இது சிரிப்போடு போகிற விஷயம் இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுத உட்காரும்போது தெரியும். சாதியைச் சொல்லி என்ன வார்த்தை சொன்னான், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, வேறு யார் பார்க்க? 'கொடூரமாக, காட்டுமிராண்டித்தனமாக' என்று ஒரு பக்கம் எழுதி, நேரத்தை விட்டுவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஓட்டையில்தான் நுழைவார். பத்துப் பேர் வந்த இடத்தில் ஐம்பது பேர் என்று எழுதினால் அந்தப் பத்துப் பேரும் தப்பிப்பார்கள். கிளாசைக் காணாமல் ஆக்குகிறவன் அவன். கிளாசை அண்டா ஆக்குகிற வேலையை நாம் செய்யக்கூடாது.

அந்தத் தம்பி தன் அண்ணனைப் பற்றிய செய்தியைத் திருத்தி எழுதினான். ஆறு வரி. பெயர், தேதி, எதற்குப் பிடித்தார்கள், என்றைக்கு விட்டார்கள், வேலை போனது. ஒரு இடத்திலும் திட்டவில்லை. பத்திரிகை ஆபீசுக்குத் தபாலில் போட்டான். வெளியாகவில்லை. பழைய துண்டையும் இவன் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் படிப்பகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது எல்லோரும் படித்துவிட்டுப் போங்கள்.

சரி, நான் பேசியது போதும். உங்க முன்னால் இன்றைய பேப்பர் இருக்கு. மூணு மூணு பேராச் சேர்ந்துக்கோங்க. மாவட்டச் செய்திப் பக்கத்தை எடுங்க. முதலில் பென்சில் வேண்டாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் செஞ்சவன் யாருன்னு தேடுங்க.