முள் காட்டுவதெல்லாம் மெய்யன்று: பழைய கார் வாங்கும் எம்மவர் அறியவேண்டியவை

(இலண்டன் வெஸ்ட் ஈலிங்கில் எம் மக்களுக்காக நடைபெற்ற தகவல் அமர்வொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இலண்டனின் மிகக்குறை உமிழ்வு வலயம் 2021 ஒக்ரோபரில் வடக்கு, தெற்குச் சுற்றுவட்ட வீதிகள் வரை விரிவாக்கப்பட்டபோது, வெஸ்ட் ஈலிங் அவ்வெல்லைக்கு வெளியேதான் இருந்தது. 2023 ஓகஸ்ட் 29 ஆம் நாள் அவ்வலயம் மாநகரின் எல்லா உள்ளூராட்சிப் பிரிவுகளுக்கும் விரிந்தது. தகுதியற்ற வாகனத்தை ஓட்டுவோர் நாளொன்றுக்கு 12.50 பவுண் செலுத்த வேண்டியவராயினர். விடியற்காலையில் வேலைக்குச் செல்வோர், கடைக்குப் பொருள் ஏற்றுவோர், உணவு விநியோகிப்போர் எனப் பலர் தம் பழைய டீசல் வாகனங்களைக் கைவிட்டு, வேறொரு பழைய காரை அவசரமாகத் தேடும் நிலை உருவாயிற்று. அவசரத்தில் வாங்குபவர் பெரும்பாலும் வர்ணத்தையும் விலையையும் பார்க்கிறார். சுக்கானுக்குப் பின்னால் இருக்கும் மீற்றர்களை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் எம் முன்னோர். அம்முதுமொழி கார் மீற்றர்களுக்கு மிகவும் பொருந்தும். வேகமானி பிழைத்தால் தண்டம் வரும். வெப்பமானி பிழைத்தால் எஞ்சின் அழியும். எரிபொருள்மானி பிழைத்தால் நெடுஞ்சாலையின் நடுவே நிற்க நேரிடும். ஆகவே இவற்றை எவ்வாறு விசாரிப்பது என்பதை முதலிற் கூறி, பின்னர் எமக்குள்ள சட்ட உரிமைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு மீற்றருக்கும் மூன்று உறுப்புகள் உண்டு. அளப்பது உணரி, செய்தியைக் கொண்டுசெல்வது வயர், காட்டுவது முள். பிழை இம்மூன்றில் எங்கே என்று அறியாமல் எதையும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதாகும். ஒரு மீற்றர் மட்டும் பிழைத்தால் அதன் உணரியையும் வயரையும் முதலில் ஐயுறுங்கள். எல்லா மீற்றர்களும் ஒரே நேரத்தில் தடுமாறினால் மின்வழங்கலையோ, பூமி இணைப்பையோ, மீற்றர்ப் பெட்டியையோ ஐயுறுங்கள். பற்றரியின் அழுத்தம் எஞ்சின் நின்றிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், ஓடுகையில் பெரும்பாலான கார்களில் 13.5 இற்கும் 14.7 இற்கும் இடையிலும் இருத்தல் வேண்டும். இதை அளக்கச் சிறியதொரு மின்மானி போதும்.

முதலில் வேகமானி. ஐரோப்பிய விதிகளின்படி வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டலாகாது, கூடுதலாகக் காட்டலாம். அக்கூடுதலின் எல்லை, உண்மை வேகத்தின் பத்து வீதமும் அதனுடன் மணிக்கு 4 கிலோமீற்றரும் ஆகும். எனவே உண்மையில் 30 மைல் வேகத்திற் செல்லும் கார் 32 அல்லது 33 என்று காட்டினால் அது பழுதன்று. உண்மையில் 33 மைலில் ஓடுகையில் 30 என்று காட்டுவதே பழுது. நேரான, சமதரையான வீதியில் ஒரே வேகத்திற் செல்கையில், பக்கத்தில் இருப்பவர் ஜி.பி.எஸ். கருவியின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஓட்டுபவர் கைபேசியைத் தொடவே கூடாது.

வேறுபாடு கண்டால் முதலில் ரயரைப் பாருங்கள். 195/65 R15 அளவு ரயருக்குரிய காரில் 195/60 R15 பூட்டியிருந்தால் சில்லின் விட்டம் ஏறத்தாழ 3 வீதம் குறையும். வேகமும் ஓடிய தூரமும் அதே அளவு கூடுதலாகப் பதியும். உரியதைவிடப் பெரிய ரயர் பூட்டியிருந்தாலோ வேகம் குறைவாகக் காட்டும், ஆபத்து அங்கேதான். வேக மீறலுக்கு மிகக்குறைந்த தண்டம் 100 பவுணும் 3 புள்ளிகளும் ஆகும். இந்நாட்டில் முதன்முதலாக உரிமம் பெற்று இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அவ்வுரிமமே பறிபோகும். ஓட்டுதலால் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய விடயமன்று.

அடுத்து எரிபொருள்மானி. தாங்கியினுள் ஒரு மிதவை ஏறியிறங்க, அதனோடு இணைந்த மின்தடை மாறுகிறது. அந்த மாற்றமே முள்ளை நகர்த்துகிறது. இதைச் சோதிக்கக் கைநூலும் பெற்றோல் நிலையப் பற்றுச்சீட்டும் போதும். 50 லீற்றர் தாங்கியுள்ள காரில் முள் கால்பங்கு காட்டும்போது முழுமையாக நிரப்புங்கள். ஏறத்தாழ 37 லீற்றர் கொண்டால் மானி மெய் சொல்கிறது. 45 லீற்றர் கொண்டால் உள்ளே இருந்ததைவிட அதிகமாகக் காட்டியுள்ளது. இரண்டு மூன்று லீற்றர் வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம். தாங்கியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். எரிபொருள் ஆவி தீப்பற்றக்கூடியது.

வெப்பமானியே மிகவும் ஏமாற்றக்கூடியது. நெடுந்தூரம் ஓடியும் முள் மேலெழாவிட்டால், மானி பழுது என்று பலர் எண்ணுவர். உண்மையில் தெர்மோஸ்ராற் திறந்தபடி சிக்கி, எஞ்சின் சூடேறாமலே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். அதனினும் கொடியது இன்னொன்று. குளிர்நீர் வற்றிப்போனால் உணரி நீரில் அமிழாது. எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்க, முள் குறைவாகக் காட்டக்கூடும். ஆகவே காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில், குளிர்நீரின் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். எண்ணெய் அழுத்தத்தின் செந்நிற விளக்கு எரிந்தால், உணரிப் பிழையாக இருக்கும் என்று தேற்றிக்கொண்டு ஓட்டாமல் உடனே நிறுத்துங்கள்.

பிழை உணரியிலா, முள்ளிலா என்பதை அறிய ஓ.பி.டி. வாசிப்பான் உதவும். 2001 முதல் பதிவான பெற்றோல் கார்களில் இதற்கான 16 முனைச் செருகி உண்டு. வாசிப்பானில் குளிர்நீர் 90 பாகை என வர, முள் மட்டும் கீழே கிடந்தால், பிழை பெரும்பாலும் மீற்றர்ப் பெட்டியிலோ அதற்குச் செல்லும் வயரிலோ உள்ளது. வாசிப்பானும் நம்பமுடியாத எண்ணைக் காட்டினால் உணரிப் பக்கம் பாருங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஞ்சின், எண்ணெய், காற்றுப்பை, ஏ.பி.எஸ். எச்சரிக்கை விளக்குகள் ஒளிர வேண்டும். எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். ஒரு விளக்கு ஒளிரவே இல்லையெனில், பழுதை மறைக்க எவரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். அரசின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தை இட்டால், ஒவ்வோர் எம்.ஓ.ரி. பரிசோதனையிலும் பதியப்பட்ட மைல் கணக்கைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆண்டுக்காண்டு ஏறவேண்டிய எண் இறங்கியிருந்தால் காரணம் கேளுங்கள். மீற்றர்ப் பெட்டி மாற்றப்பட்டது என்றால் அதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். எம்.ஓ.ரி. சித்தி பெற்றது என்பதாலேயே மானிகள் சரியென்று கொள்ளாதீர்கள்; எரிபொருள்மானியும் வெப்பமானியும் அப்பரிசோதனையில் அடங்குவதில்லை.

இனி உரிமைக்கு வருவோம். 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வணிகர் விற்கும் கார் அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தோடும், விபரித்தபடியும் இருத்தல் வேண்டும். வாங்கும்போதே இருந்த பழுதென்று காட்டினால், 30 நாட்களுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் கேட்கலாம். அதன்பின் ஆறு மாதம் வரை, பழுது முன்னரே இருந்ததாகவே சட்டம் கருதும். இல்லையென நிறுவவேண்டியவர் வணிகர். திருத்துவதற்கு ஒரு வாய்ப்பு அவருக்கு உண்டு. அது பயனளிக்காவிடில் காரைத் திருப்பலாம், அல்லது விலைக்குறைப்புக் கோரலாம். இக்கட்டத்தில் திருப்பினால், ஓடிய அளவுக்கு ஒரு தொகை கழிக்கப்படலாம். உள்ளபடியே விற்கப்பட்டது என்று சீட்டில் எழுதியிருப்பினும் வணிகரின் கடமை நீங்காது.

எனவே பழுது கண்ட நாளிலேயே நிழற்படம் எடுங்கள்; திகதி, ஓடிய மைல், ஜி.பி.எஸ். வேகம், நிரப்பிய லீற்றர் ஆகியவற்றைக் குறியுங்கள். தொலைபேசியோடு நில்லாது எழுத்தில் அறிவியுங்கள். மொழி தடையென்று மௌனம் காக்க வேண்டாம். நாலு வரி எழுத எம் பிள்ளைகளே துணை நிற்பர். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவிச் சேவையும் உண்டு.

இறுதியாக, எமக்குள் பேசவேண்டிய ஒன்று. எம்மில் பலர் வணிகரிடம் வாங்குவதில்லை. கோயிலிற் சந்தித்தவர், ஊரவர், உறவினர் என்று நம்பிக்கையின் பேரில் வாங்குகிறோம். தனியாரிடம் வாங்கும்போது தரம் பற்றிய அச்சட்டப் பாதுகாப்பு இல்லை. அவர் சொன்னது பொய்யாயின் மட்டுமே வழக்குண்டு. ஆகவே கேள்வி கேட்பதை அவமதிப்பாக எவரும் கொள்ளலாகாது. விற்பவரும், முள் பிழையாகக் காட்டுகிறது என்ற ஒரு சொல்லை மறைக்கலாகாது. அந்நிய மண்ணில் எமக்கு எஞ்சியிருக்கும் பெருஞ்சொத்து ஒருவர் மீது ஒருவர் கொண்ட நம்பிக்கை. அதைச் சில நூறு பவுணுக்காக இழந்துவிட வேண்டாம் என வேண்டி விடைபெறுகிறேன்.