நின்றுபோகும் காமிராவும் பொய் சொல்லும் காமிராவும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழில்நுட்ப வளர்ச்சி, இளைஞர் கடமை என்று வழக்கம்போல் பத்து நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் கடலூரிலிருந்து பஸ் ஏறினேன். காலையில் மாணவர்களின் புகைப்படக் கண்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, பழைய பிலிம் காமிரா ஒண்ணு வாங்கணும். மெக்கானிக்கல் வாங்கலாமா, எலெக்ட்ரானிக் வாங்கலாமா?" என்றார். "மெக்கானிக்கல்தான் வாங்கு, அது சாகாது" என்று பக்கத்திலிருந்த நம் சீனியர் அண்ணன் ஒருவர் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதிக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதி வந்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

காமிரா பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. பிலிமுக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கும். பட்டனை அழுத்தினால் முதல் திரை ஓடி வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டாவது திரை பின்னாலேயே ஓடி வந்து மூடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதுதான் ஷட்டர் வேகம். அந்த நேரத்தை ஸ்பிரிங்கும் பல்சக்கரமும் கணக்குப் பார்த்தால் அது மெக்கானிக்கல், சுவர்க் கடிகாரம் மாதிரி. ஒரு கெப்பாசிட்டர் நிரம்புவதை வைத்துக் கணக்குப் பார்த்து, மின்காந்தம் இரண்டாவது திரையை விடுவித்தால் அது எலெக்ட்ரானிக். திரையை இழுத்துக்கொண்டு ஓடுவது இரண்டிலுமே ஸ்பிரிங்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மின்சாரம் பார்ப்பது நேரம் சொல்லும் வேலை மட்டும்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் இரண்டு ஜாதியும் இருந்தன. அப்பா பள்ளி ஆசிரியர். ஒரு ஸ்டூடியோக்காரரிடமிருந்து பழைய பென்டாக்ஸ் கே 1000 வாங்கி வைத்திருந்தார். 1976 முதல் 1997 வரை வந்த காமிரா அது. உலகம் முழுக்கப் புகைப்பட வகுப்புகளில் மாணவர்கள் கையில் இருந்தது. பேட்டரி அதில் வெளிச்சம் அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான். பேட்டரி இல்லாவிட்டாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் அடிக்கும். அப்பா அதில் ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுத்தான் எங்கள் காதுகுத்து, மொட்டை எல்லாம் எடுத்தார். 1960-இல் அரசு தொடங்கிய நிறுவனம் அது. இன்று அங்கே உற்பத்தி இல்லை. பழைய ஆல்பங்களில்தான் அந்தப் பெயர் இருக்கிறது.

இன்னொன்று மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த கேனன் ஏஇ-1. அதுவும் 1976-இல் வந்ததுதான். உள்ளே மைக்ரோபிராசஸர் வைத்து வந்த முதல் எஸ்.எல்.ஆர். காமிரா என்று பெயர் எடுத்தது. அதில் 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. பட்டனை அழுத்தினால் கல்லை அழுத்துவது போலத்தான். அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இது காமிரா இல்லடா, கால்குலேட்டர்" என்பார்.

படிப்பு முடிந்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, 2010 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அம்மாவையும் பிச்சாவரம் அழைத்துக்கொண்டு போனேன். சிதம்பரத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டிவிட்டு வீட்டாரை ஒருநாள் கூடப் படகில் ஏற்றவில்லையே என்ற குற்ற உணர்ச்சிதான் காரணம். அப்பாவின் பென்டாக்ஸை எடுத்துக்கொண்டேன். நல்ல வெயில். படகு ஆடுகிறது. படம் கலங்கக்கூடாதென்று ஷட்டரை அதன் உச்ச வேகமான 1000-இல் வைத்தேன், அதாவது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 200 ஐ.எஸ்.ஓ. ரோல், எஃப் 8. கணக்கெல்லாம் சரி. அப்பாவும் அம்மாவும் அருகருகே உட்கார்ந்திருக்க, பன்னிரண்டு படம் எடுத்தேன். அப்புறம் படகு சுரபுன்னை மரங்களுக்கு நடுவே நிழலில் நுழைந்ததும் வேகத்தை 60-க்குக் குறைத்து வேர்களைப் படம் பிடித்தேன்.

ரோலைக் கழுவி வாங்கிய அன்று லேப் வாசலிலேயே நின்றுவிட்டேன். பன்னிரண்டு படத்திலும் ஒரு பக்கம் கரி பூசியது போல இருட்டு. அம்மா தெளிவாக இருக்கிறார்கள், பக்கத்தில் அப்பா இல்லை. ஒரு தோளும் வேட்டி நுனியும் தெரிகின்றன. வேர்கள் மட்டும் ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தன.

சரி, இன்னொரு தடவை போனால் போகிறது என்று நினைத்தேன். அந்த ஆகஸ்டிலேயே அப்பா தவறிவிட்டார். வீட்டில் இன்று மாலை போட்டிருப்பது அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது.

திருப்பாதிரிப்புலியூரில் அப்போது காமிரா ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் இருந்தார். காமிராவை அவரிடம் கொண்டு போனேன். பின்மூடியைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வானத்தைப் பார்த்து ஒரு தடவை அடித்தார். அவ்வளவுதான், நோய் தெரிந்துவிட்டது. 1000 வேகத்தில் இரண்டு திரைகளுக்கும் நடுவே இருப்பது இரண்டு மூன்று மில்லிமீட்டர் சந்து. அந்தச் சந்துதான் பிலிமின் மேல் ஓடுகிறது. பழைய எண்ணெய் பிசினாகி முதல் திரை கொஞ்சம் சுணங்கினால், பின்னால் வரும் திரை அதை எட்டிப் பிடித்துவிடும். சந்து பாதி வழியிலேயே மூடிக்கொள்ளும். 60 வேகத்தில் இந்தச் சுணக்கம் வெளியே தெரியாது. "சத்தம் நல்லாத்தானே கேட்டுச்சு பாய்?" என்று கேட்டேன். "தம்பி, ஆயிரத்துல ஒரு பங்கு உன் காதுக்குத் தெரியுமா? மெக்கானிக்கல் சாகாதுன்னு சொல்லுவாங்க. வாஸ்தவம்தான். ஆனா நோயோடயே நடமாடும், உனக்குச் சொல்லாது" என்றார்.

நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன். எங்கள் தொழிலில் உடைந்துபோன பிரஷர் கேஜைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதைக் கழற்றிவிட்டு வேறு மாட்டுவோம். முள் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு எப்போதும் நல்ல அழுத்தமே காட்டிக்கொண்டிருக்கும் கேஜ்தான் ஆளைக் கொல்லும். தினமும் இதைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு என் தோளில் தொங்கிய காமிரா அப்படிப்பட்ட கேஜ் என்பது உறைக்கவில்லை. அன்று ஏஇ-1-ஐ எடுத்துப் போயிருந்து, அதன் பேட்டரி செத்திருந்தால், படகுத்துறையிலேயே தெரிந்திருக்கும். கிள்ளைக்கோ சிதம்பரத்துக்கோ ஓடி ஏதாவது செய்திருப்பேன். ஏஇ-1-இலும் திரையை ஓட்டுவது ஸ்பிரிங்தான் என்று முன்பே சொன்னேன். ஆகையால் இந்த ஒரு நோய் அதற்கும் வரலாம். ஆனால் அதன் நேரக்கணக்கு பெரும்பாலும் ஒன்று சரியாக இருக்கும், இல்லையேல் அடியோடு நின்றுபோகும்.

இதைக் கேட்டு, "அப்போ எலெக்ட்ரானிக்கே வாங்கிடலாம்ணா" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூரில் கரையேறியதை இங்கிருக்கும் பாதிப் பேர் நேரில் அனுபவித்திருப்பீர்கள். கரண்ட் இல்லை, கடை இல்லை. கையிலிருந்த செல்போன்கள் சார்ஜ் போய்ச் செங்கல்லாகிக் கிடந்தன. பண்ருட்டிப் பக்கம் எங்கள் பெரியப்பாவின் முந்திரித் தோப்பு வேரோடு சாய்ந்துவிட்டது. நிவாரண மனுவோடு வைக்கப் படம் வேண்டும் என்றார். ஏஇ-1-ஐ எடுத்தேன், பேட்டரி தீர்ந்திருந்தது. அந்தப் பேட்டரிக்கு அந்த வாரம் கடலூரில் எங்கே போவது? பாய் எண்ணெய் மாற்றித் திரையைச் சரிசெய்து கொடுத்திருந்த பென்டாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனேன். அதன் அளவு முள்ளுக்கும் பேட்டரி இல்லைதான். ஆனால் 100 ஐ.எஸ்.ஓ. ரோலுக்கு நல்ல வெயிலில் 125 வேகம், எஃப் 16, மேகம் மூடினால் இரண்டு படி திறந்து எஃப் 8 என்று அப்பா சின்ன வயதிலேயே வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தக் கணக்கில் எடுத்த ரோல் முழுக்க விழுந்தது. விழுந்து கிடந்த ஒவ்வொரு மரமும் பதிவாயிற்று.

ஆக, பேட்டரி வேண்டுமா வேண்டாமா என்பதோடு கேள்வி முடியவில்லை. இந்தக் காமிரா கெட்டால் எப்படிக் கெடும், கெட்டதை எனக்குச் சொல்லுமா, சொன்னால் சரிசெய்ய ஆள் இருக்கிறதா, இவற்றைத்தான் முதலில் கேட்கவேண்டும். எலெக்ட்ரானிக் காமிராவில் ஐ.சி. போய்விட்டால் புது ஐ.சி. கிடையாது. அதே மாடலில் இன்னொரு செத்த காமிராவை வாங்கிப் பிய்த்துப் போடவேண்டும். மெக்கானிக்கலுக்கு ஆள் இருந்தால் போதும், சாமான் அவ்வளவு வேண்டாம். ஆனால் அந்த ஆள் எங்கே? பாய் கடையைக் கட்டிவிட்டார். அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இன்று ரிப்பேருக்குச் சென்னைக்குக் கூரியர் அனுப்புகிறேன், பெட்டிக்குள் துணி சுற்றி, மனசையும் சேர்த்துச் சுற்றி.

இரண்டும் கலந்த ஜாதியும் உண்டு. நிக்கான் எஃப்ஈ எலெக்ட்ரானிக்தான். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் 90 வேகம் ஒன்று மட்டும் மெக்கானிக்கலாக அடிக்கும், ஆபத்துக்கு உதவும். 2001-இல் வந்த எஃப்எம்3ஏ-இல் எல்லா வேகமும் இரண்டு வழியிலும் வேலை செய்யும். பொறியியல் என்றால் அதுதான் ஐயா, கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அதன் விலை நம் பக்கமே திரும்பாது. அண்ணன்மார் வீட்டு அலமாரியில் யாஷிகா எலெக்ட்ரோ 35 இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்டரி இல்லாவிட்டாலும் அது 500 வேகத்தில் அடிக்கும், வெயிலில் படம் எடுக்கலாம். 2024-இல் பென்டாக்ஸ் கம்பெனி புதிதாக '17' என்று ஒரு பிலிம் காமிரா கொண்டு வந்தது. கட்டை விரலால் பிலிமைச் சுற்றும் லீவர் வைத்திருக்கிறார்கள், ஷட்டர் மட்டும் எலெக்ட்ரானிக். அவர்களாலேயே ஒரு பக்கம் சேர முடியவில்லை பாருங்கள்!

காலையில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்கிறேன். ரோல் வாங்கி, கூரியரில் அனுப்பி, கழுவி, ஸ்கேன் செய்து வர ஆயிரம் ரூபாயைத் தாராளமாகத் தாண்டும். வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். தப்பு நடந்திருந்தால் அத்தனை நாள் கழித்துத்தான் தெரியும். ஆகையால் சர்வீஸ் செய்த மெக்கானிக்கல் காமிரா கிடைத்தால் அதை வாங்கு, விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. "பாட்டன் காலத்துது, அப்படியே புதுசு மாதிரி இருக்கு" என்று விற்பவனிடம் வாங்காதே. அப்படியே இருந்திருந்தால் எண்ணெயும் அப்படியே பிசினாகி இருக்கும். சர்வீஸ் செய்தது கிடைக்கவில்லையா, நன்றாக ஓடும் எலெக்ட்ரானிக்கைக் குறைந்த விலைக்கு வாங்கு. ஒருநாள் நின்றுபோகும், ரிப்பேர் இல்லை என்று தெரிந்தே வாங்கு. பார்க்கப் போகும்போது புது பேட்டரியை உன் சட்டைப்பையில் எடுத்துப் போ. பேட்டரி அறையில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு.

எந்த ஜாதியானாலும் ஒரு விநாடி வேகத்தில் அடித்துப் போனில் ஒலியைப் பதிவு செய்து பார். திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் நடுவே எவ்வளவு என்று திரையிலேயே தெரியும். உச்ச வேகத்துக்கு அது உதவாது. அதற்குப் பாய் செய்ததைத்தான் செய்யவேண்டும்: லென்ஸைக் கழற்று, பின்மூடியைத் திற, சூரியன் இல்லாத பக்கம் வானத்தைப் பார்த்து அடி. கண்ணிமைக்கும் நேரம் தெரியும் வெளிச்சம் முழுச் சட்டத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஓரம் இருட்டுகிறதா என்று பார்.

கடலூரும் சிதம்பரமும் காமிராவுக்குப் பொல்லாத ஊர்கள். உப்புக்காற்று, ஈரம். லென்ஸில் டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை தெரியும். தோல் உறைக்குள் மூடிப் பீரோவில் வைப்பது அதற்குத் தீனி போடுவது மாதிரி. இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். நீல நிறத்தது ரோஸ் நிறமானால் வாணலியில் வறுத்தால் திரும்பவும் நீலமாகும். அம்மாவுக்குத் தெரியாமல், வேறு வாணலியில். வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், ஷட்டரைச் சுற்றிய நிலையில் விடாதீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள். பென்டாக்ஸ், ஏஇ-1 இரண்டையும் கொண்டு வந்திருக்கிறேன். பின்வரிசை மேஜையில், அந்தப் பிச்சாவரம் நெகடிவ் கீற்றுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வராந்தாவில் வானம் நன்றாக இருக்கிறது. தேநீர் வருவதற்குள் ஆளுக்கு ஒரு தடவை 1000-இல் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் மட்டும் விரல் படக்கூடாது.